ஏற்காடு ஏற 34க்கு 36: மாமாவோட பழைய ராலேக்கு புது கியர் போட்ட கதை

போன வருஷம் மார்ச்ல ஏற்காடு மலையில ஏழாவது கொண்டை ஊசி வளைவு தாண்டினதும் சைக்கிள விட்டு எறங்கிட்டேன். பஞ்சர் இல்ல, செயின் கழலல, தண்ணியும் பாதி பாட்டில் இருந்துச்சு. வலது முட்டிக்கு கீழ சுருக்குன்னு ஒரு வலி, அடுத்த மிதி மிதிக்கவே முடியல. மீதி பதிமூணு வளைவு மேல இருக்கு, நான் ரோட்டோரம் தடுப்பு சுவத்துல உக்காந்து முட்டிய தடவிக்கிட்டு இருக்கேன். அந்த நேரம் பார்த்து ஒரு காலேஜ் பையன் புது கார்பன் சைக்கிள்ல கால சும்மா சுத்திக்கிட்டே ஏறி வந்தான், "என்னங்கண்ணா, ஏதாச்சும் ஹெல்ப் வேணுமா?"ன்னு கேட்டுட்டு என் பின் சக்கரத்த ஒரு பார்வை பார்த்தான். "அண்ணா இதுல லோ கியரே இல்லையே"ன்னான். அந்த ஒரு வார்த்தையிலதான் இந்த வேலை எல்லாம் ஆரம்பிச்சுது.

சைக்கிள் என் மாமாவோடது. எண்பதுகள்ல லெஸ்டர்ல படிக்கப் போனவரு, அங்க வாங்கின ராலே ரோடு பைக்க திரும்பி வரும்போது கப்பல்ல போட்டு கொண்டாந்தாரு. சீட் டியூப்ல ரெனால்ட்ஸ் 531ன்னு பச்சையும் தங்கமுமா ஒரு ஸ்டிக்கர், பாதி உரிஞ்சு போச்சு, அத மட்டும் யாரும் தொடக்கூடாதுன்னு அவரு சொல்லிட்டாரு. 531ங்கறது மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த ஸ்டீல் குழாய், 1935ல பர்மிங்காம்ல வந்தது, பல வருஷம் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸ் ஜெயிச்ச சைக்கிள் நெறைய அந்த குழாய்லதான் செஞ்சாங்க. நம்மூருக்கும் இதுக்கும் ஒரு தொடர்பு உண்டு, எனக்கே இது ரொம்ப நாள் தெரியாது. ரெனால்ட்ஸ் கம்பெனி டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்துல இருந்துச்சு, 1960ல ராலேவும் அதே குழுமத்துக்குள்ள வந்துருச்சு. அந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் முருகப்பா குடும்பமும் சேர்ந்துதான் 1949ல அம்பத்தூர்ல டிஐ சைக்கிள்ஸ் ஆரம்பிச்சாங்க. எங்க தாத்தா பால் ஊத்தப் போன, டிஐ செஞ்ச ஹெர்குலிசும் மாமா கப்பல்ல கொண்டாந்த ராலேவும் ஒரு வகையில பங்காளிங்கதான். இப்படிப்பட்ட பிரேம தூக்கிப் போட்டுட்டு புது சைக்கிள் வாங்க எனக்கு மனசு வரல.

ஆனா கியர் விஷயத்துல அந்தக் காலத்து ரோடு பைக்லாம் ரொம்ப கறார். முன்னாடி மிதியோட 52 பல்லு, 42 பல்லுன்னு ரெண்டு செயின்ரிங், பின்னாடி மொத்தம் ஆறு பல்சக்கரம், 14 பல்லுல இருந்து 24 பல்லு வரைக்கும். ஆக இருக்கறதுலயே லேசான கியர் 42க்கு 24, அதாவது ஒரு தடவ மிதிச்சா சக்கரம் 1.75 சுத்து சுத்தும். 700சிங்கற ரோடு பைக் சக்கரத்தோட சுத்தளவு கிட்டத்தட்ட 2.1 மீட்டர், அப்ப ஒரு மிதிக்கு 3.7 மீட்டர் போவீங்க. சமவெளியில இது அருமை. மலையில என்ன ஆகும்னா, நிமிஷத்துக்கு 60 சுத்து மிதிச்சாலே வேகம் 13 கிலோமீட்டர் ஆயிரும். 6 சதவீத ஏத்தம்னு வச்சுக்குவோம், நானும் சைக்கிளும் தண்ணியும் சேர்ந்து 85 கிலோ, அந்த வேகத்துல ஏற ஏறக்குறைய 200 வாட் வேணும். 46 வயசுல ரெண்டு மணி நேரம் விடாம 200 வாட் என்னால முடியாது. முடியலன்னா வேகம் கொறையும், வேகம் கொறஞ்சா மிதி சுத்து 40, 35னு எறங்கும், அப்ப ஒவ்வொரு மிதிக்கும் முட்டி மேல முழு பாரமும் ஏறும். என் முட்டி வலிச்சதுக்கு காரணம் இதுதான், வயசு இல்ல.

இத நான் அழுத்திச் சொல்றதுக்கு காரணம் இருக்கு. நம்ம சைக்கிள் குரூப்லயே லேசான கியர் போடறத ஒரு மாதிரி பாக்கற ஆளுங்க இருக்காங்க, "பெரிய பல்லு போட்டா பழக்கம் கெட்டுப்போயிரும்"னு. பல்லுன்னு சொல்றது பின்னாடி இருக்கற பல்சக்கரத்த. இது பழைய வியாதி. டூர் டி பிரான்ஸ ஆரம்பிச்ச ஆன்ரி டெக்ரான்ஜே கியர் மாத்தற டீரெயிலருக்கு கடைசி வரைக்கும் எதிரி, 1937லதான் ரேஸ் ஆளுங்களுக்கு அத அனுமதிச்சாங்க, அதுவரைக்கும் ஆல்ப்ஸ் மலையில கீழ எறங்கி பின் சக்கரத்த கழட்டி திருப்பிப் போட்டுட்டு ஏறுனாங்க. இன்னைக்கு ஷிமானோங்கற கியர் கம்பெனியோட உச்சத்துல இருக்கற டியூரா ஏஸ்லயே 34 பல் வரைக்கும் கேசட், அதாவது பின்னாடி பல்சக்கர அடுக்கு, குடுக்கறாங்க. ரேஸ் ஓட்டறவனுக்கே 34 தேவைப்படுதுன்னா, வாரம் ஒரு தடவ ஓட்டற நமக்கு அது வேணாம்னு சொல்றது என்ன நியாயம்?

சரி, வேலைக்கு வருவோம்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், பழைய சைக்கிள் வச்சிருக்கற எல்லாரும் நான் பண்ண அளவுக்கு பண்ணணும்னு இல்ல. பின் போர்க்க, அதாவது பின் சக்கரம் மாட்டற கவட்டைய, அகலப்படுத்தாமலே ஏழு ஸ்பீடு ஃப்ரீவீல் (பழைய மாதிரி பல்சக்கர அடுக்கு), 14ல இருந்து 34 வரைக்கும் இருக்கறது கெடைக்கும், அதையும் நீளக் கை டீரெயிலர் ஒண்ணும் போட்டா, பழைய லீவரே வேலை செய்யும். அந்த லீவர்ல கிளிக்கே கிடையாது, கையால உணர்ந்து இழுக்கறது, அதனால எந்த டீரெயிலரோடயும் ஒத்துப்போகும். செலவும் ரொம்ப கம்மி. நானும் மொதல்ல அதத்தான் யோசிச்சேன். ஆனா அந்த லீவர் இருக்கறது டவுன் டியூப்ல, அதாவது கீழ சாய்வா போற குழாய்ல, தொடைக்கு கீழ. மலையில மணிக்கு 6 கிலோமீட்டர்ல ஆடிக்கிட்டு வளைவு திரும்பும்போது, பின்னாடி பஸ் ஹாரன் அடிக்கும்போது, ஒரு கைய ஹேண்டில்பார்ல இருந்து எடுத்து கீழ விட்டு கியர் மாத்தறது எனக்கு பயம். பிரேக் லீவர்லயே கியர் மாத்தற எஸ்டிஐ 1990ல வந்துச்சு, அது வேகத்துக்காக வந்ததுதான், ஆனா என்னப் பொறுத்தவரைக்கும் அது பாதுகாப்பு. ரெண்டு கையும் எப்பவும் பார்ல இருக்கும், பிரேக் மேல விரல் இருக்கும்.

அதனால 9 ஸ்பீடு, அதாவது பின்னாடி ஒன்பது பல்சக்கரம்னு முடிவு பண்ணேன். 11ம் 12ம் நல்லா இருக்கும், இல்லன்னு சொல்லல, ஆனா கேசட், செயின் எல்லாம் விலை கூட, பல்லுக்கு பல்லு இடைவெளி கொறைய கொறைய டியூனிங்கும் நுணுக்கமாயிரும், பழைய பிரேம்ல ஒரு மில்லிமீட்டர் கோணல் இருந்தாக்கூட காட்டிக்குடுத்துரும். 9 ஸ்பீடு கொஞ்சம் பொறுத்துக்கும். ஷிமானோவோட சோரா வரிசையில ஷிஃப்டர் (கியர் மாத்தற லீவர்), அதே சோராவுல 50-34 கிராங்க் (மிதியோட சேர்ந்த முன் பல்சக்கரம்), பின்னாடி 11-36 கேசட். இந்த 36தான் எனக்கு வேணும். சோராவோட ஆர்டி, அதாவது பின் டீரெயிலர், 34 வரைக்கும்தான்னு கம்பெனி சொல்லுது, அதனால 36க்கு மவுண்டன் பைக் ஆர்டி போடணும்.

இங்கதான் நான் காச விட்டேன். கடையில "மவுண்டன் பைக் ஆர்டி எதுவா இருந்தாலும் செட் ஆகும் சார், 10 ஸ்பீடு எடுத்துக்கங்க, புது மாடல்"னு சொன்னாங்க. நானும் வாங்கிட்டு வந்துட்டேன். வீட்ல மாட்டிப் பார்த்தா ரெண்டு கிளிக் அடிச்சா ஒரு பல்லு நகருது, அப்புறம் ஒரு கிளிக்குக்கு ஒண்ணு, அப்புறம் செயின் ரெண்டு பல்லுக்கும் நடுவுல நின்னு கடகடன்னு கத்துது. ரெண்டு ராத்திரி ஸ்குரூ திருப்பிக்கிட்டே இருந்தேன். காரணம் ரொம்ப சிம்பிள், யாரும் சொல்லல, அவ்ளோதான். 9 ஸ்பீடு ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்கு ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் கேபிள் இழுக்கும். பழைய ஷிமானோ டீரெயிலர் அத 1.7 மடங்கா மாத்தி பக்கவாட்டுல நகரும், அதாவது 4.3 சொச்சம், 9 ஸ்பீடு கேசட்ல பல்லுக்கு பல்லு இடைவெளியும் அதேதான். 10 ஸ்பீடு மவுண்டன் பைக் ஆர்டில அந்த மடங்கு 1.2தான். அப்ப 3 மில்லிமீட்டர்தான் நகரும். எந்த ஸ்குரூவ திருப்புனாலும் இது சரியாவாது.

அதனால மண்டையில ஏத்திக்க வேண்டிய விஷயம் இதுதான்: ஷிமானோவுல 9 ஸ்பீடு மவுண்டன் பைக் ஆர்டியும் 9 ஸ்பீடு ரோடு ஷிஃப்டரும் ஒரே கணக்கு, தைரியமா சேர்க்கலாம். 10ல இருந்து கணக்கு மாறிப் போச்சு. இப்ப கியூஸ்னு புதுசா வந்திருக்கற வரிசையும் தனிக் கணக்கு, அத முழு செட்டா வாங்கறதுன்னா வாங்குங்க, பழச புதுசோட கலக்காதீங்க. நான் அப்புறம் ஷிமானோவோட 9 ஸ்பீடு மவுண்டன் பைக் ஆர்டி, அலிவியோ வாங்கினேன், மொத மாட்டுலயே ஒன்பதுலயும் உக்காந்துச்சு. இன்னொரு கணக்கும் பாத்துக்கணும், ஆர்டி எவ்வளவு செயின் தொங்கல இழுத்துப் பிடிக்கும்னு. முன்னாடி 50ல 34 போனா 16, பின்னாடி 36ல 11 போனா 25, கூட்டினா 41. அலிவியோவோட நீளக் கை அத தாராளமா தாங்கும்.

இதுக்கெல்லாம் முன்னாடி பிரேம் வேலை. பழைய ஆறு ஸ்பீடு பிரேம்ல பின் போர்க் அகலம் 126 மில்லிமீட்டர். 9 ஸ்பீடு ஹப்புக்கு 130 வேணும். 4 மில்லிமீட்டர்தான, கையால விரிச்சு சக்கரத்த சொருகிடலாம்னு நெனைப்பீங்க, சொருகலாம்தான், ஆனா ஒவ்வொரு தடவ பஞ்சர் ஒட்டும்போதும் மல்லுக்கட்டணும், டிராப்அவுட் (சக்கரத்தோட அச்சு உக்கார்ற காது) ரெண்டும் சாய்ஞ்சு நிக்கும், ஆக்சில் நாளடைவுல வளையும். ஸ்டீல் பிரேம்னா அத முறையா வளைச்சு 130ல நிக்க வைக்கலாம். அலுமினியத்துலயும் கார்பன்லயும் இத செய்யவே கூடாது, ஒடஞ்சிரும்.

சேலம் செவ்வாய்பேட்டையில ஒரு லேத் பட்டறை இருக்கு, அந்த அண்ணன் எங்க குடும்பத்துக்கு பழக்கம். பிரேம வெறுசாக்கி கொண்டு போனேன். அவரு சீட் டியூப்ப சுத்தி பழைய லுங்கித் துணிய நாலு சுத்து சுத்துனாரு. ஒரு அஞ்சடி சட்டத்த உள்பக்கமா விட்டு, சீட் டியூப்புல முட்டுக்குடுத்து, மறுமுனைய ஒரு பக்கத்து டிராப்அவுட்டுக்கு உள்ள கொடுத்து மெதுவா வெளிய நெம்புனாரு. விட்டதும் பிரேம் பழைய எடத்துக்கே திரும்பி வந்துச்சு. வெர்னியர் வச்சு பார்த்தாரு, 126. "நல்ல இரும்பு தம்பி, சட்டுனு குடுக்காது"ன்னாரு. இன்னும் கொஞ்சம், திரும்ப 126. நாலாவது தடவ நெம்பும்போது கண்ணுக்கே தெரியற அளவுக்கு விரிஞ்சுது, எனக்கு அடிவயிறு கலங்கிப்போச்சு, மாமா மூஞ்சி கண்ணு முன்னாடி வந்துட்டுப் போச்சு. விட்டதும் அளந்தாரு, 127. அப்புறம் 128. அந்தப் பக்கம் ரெண்டு, இந்தப் பக்கம் ரெண்டு, ஒவ்வொரு தடவையும் அளந்து அளந்து முக்கால் மணி நேரம்.

ரெண்டு பக்கமும் சமமா விரிஞ்சுதான்னு பாக்க அவரு எந்த மெஷினும் எடுக்கல. ஒரு நூல் கண்டு எடுத்தாரு. இடது டிராப்அவுட்ல கட்டி, முன்னாடி ஹேண்டில்பார் நிக்கற ஹெட் டியூப்ப சுத்தி, வலது டிராப்அவுட்டுக்கு கொண்டாந்து விறைப்பா கட்டுனாரு. நடுவுல சீட் டியூப் நிக்குது இல்லையா, அதுல இருந்து நூலு ரெண்டு பக்கமும் எவ்வளவு தூரம்னு அளந்தா போதும். வலது பக்கம் ஒரு மில்லிமீட்டர் கூட இருந்துச்சு. வலது பக்கத்த லேசா உள்ள தட்டி, இடது பக்கத்த அதே அளவு வெளிய நெம்பி, திரும்ப நூல். இப்ப ரெண்டும் ஒண்ணு. ஒரு நூல வச்சு இவ்வளவு துல்லியமா ஒரு மனுஷன் வேலை செய்யறத பக்கத்துல நின்னு பார்த்தது எனக்கு பெரிய பாக்கியம். காசு வாங்க மாட்டேன்னுட்டாரு, ஒரு டீ மட்டும். கியர் தொங்கற ஹேங்கரையும் சக்கரத்துக்கு நேரா இருக்கான்னு பார்த்து ஒரு பொடி அளவு வளைச்சுக் குடுத்தாரு, இத நீங்க மறந்துராதீங்க, ஹேங்கர் கோணலா இருந்தா எவ்வளவு விலை குடுத்து கியர் வாங்குனாலும் கத்திக்கிட்டேதான் இருக்கும்.

அடுத்து பாட்டம் பிராக்கெட், அதாவது மிதியோட அச்சு சுத்தற எடம். இது என்ன ரெண்டு நாள் படுத்தி எடுத்துருச்சு. உள்ள இருந்த குண்டெல்லாம் கிரீஸ் காஞ்சு களிமண் மாதிரி ஆயிருச்சு. அந்த குண்டுகள தாங்கற இடது பக்க கப் சுலபமா வந்துச்சு. வலது பக்க கப் நாப்பது வருஷ துரு. இங்கிலீஷ் திரெட் பிரேம்ல வலது பக்கம் மறை தலைகீழ், அதாவது கழட்டணும்னா நாம சாதாரணமா டைட் பண்ற திசையில சுத்தணும், இது தெரியாம எத்தன பேரு இன்னும் இறுக்கி பிரேமையே கெடுத்திருக்காங்களோ. துரு எடுக்கற எண்ணெய் ஊத்தி ரெண்டு நாள் விட்டேன். அப்புறம் ஒரு தடிச்ச போல்ட்ட கப் ஓட்டை வழியா விட்டு, ரெண்டு பக்கமும் பெரிய வாஷர் வச்சு நட்ட முறுக்கி கப்ப நடுவுல கவ்விப் பிடிக்க வச்சேன். போல்ட் தலையில நீள ஸ்பேனர் போட்டு கடிகார திசையில தொங்குனேன். 'டக்'குனு ஒரு சத்தம். எதோ ஒடஞ்சிருச்சுன்னுதான் நெனச்சேன், பார்த்தா கப் கால் சுத்து நகர்ந்திருக்கு. அந்த சத்தத்த கேட்ட சந்தோஷம் இன்னும் காதுல இருக்கு. உள்ள மறைய பழைய பிரஷ் போட்டு தேச்சு, நெறைய கிரீஸ் தடவி, புது கிராங்குக்கான வெளிப்பக்க பேரிங் கப் ரெண்டையும் மாட்டுனேன். பிரேம் ஷெல் 68 மில்லிமீட்டர்தானான்னு முன்னாடியே அளந்துக்கங்க, ராலேல சில மாடல்ல அகலமும் மறையும் வேற.

சக்கரம் நம்ம சைக்கிள் கடை பாய் கட்டிக் குடுத்தாரு, புது ஹப், புது ரிம், கோட்டம் எடுத்து ஒரு முடி அளவுக்கு கூட ஆட்டம் இல்லாம. பிரேக்கும் மாத்துனேன், அது தனிக் கதை.

மாட்டற வேலைய எங்க வீட்டு ஊஞ்சல் கொக்கியில சைக்கிள தொங்கவிட்டு செஞ்சேன், ஸ்டாண்டே தேவையில்ல. டவுன் டியூப்ல பழைய லீவர் இருந்த குமிழ்லயே கேபிள் ஸ்டாப் மாட்டறதுக்கு ஒரு சின்ன பார்ட் கெடைக்கும், திருகி அட்ஜஸ்ட் பண்ற வசதியோட, பிரேம்ல ஓட்டை போடவோ வெல்டு வைக்கவோ வேண்டியதே இல்ல. கேபிள் அவுட்டர்ல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. பிரேக் அவுட்டர் உள்ள கம்பி சுருள் சுருளா இருக்கும், இழுத்தா அமுங்கும், கியர் அவுட்டர்ல கம்பி நீளவாக்குல போகும், அமுங்காது. பிரேக் அவுட்டர கியருக்கு போட்டா கிளிக் ஒரு பக்கம், செயின் ஒரு பக்கம். செயின் நீளத்துக்கு நான் பண்றது, ஆர்டி வழியா விடாம பெரிய ரிங், பெரிய பல் மேல சுத்திப் பார்த்து, சேர்ற எடத்துல இருந்து ஒரு இன்ச் கூட விட்டு வெட்டறது. கொறைவா வெட்டிட்டு தெரியாம 50க்கு 36ல போட்டா டீரெயிலரே பிஞ்சு வந்துரும்.

ஒரு ஞாயித்துக்கிழம விடியக்காலம் அஞ்சரைக்கு சேலம் அஸ்தம்பட்டியில கெளம்பி கோரிமேடு தாண்டி அடிவாரம் போனேன். மலை ஆரம்பிச்சதும் முன்னாடி 34ல போட்டேன், பின்னாடி ஒவ்வொண்ணா ஏத்தி 36. ஒரு மிதிக்கு இப்ப 2 மீட்டர்தான். 60 சுத்துக்கு 7 கிலோமீட்டர் வேகம், தேவைப்படறது 110 வாட் பக்கத்துல. மூச்சு வாங்குச்சு, வேர்த்துச்சு, ஆனா முட்டி ஒரு வார்த்த பேசல. ஏழாவது வளைவு வந்துச்சு. அந்த தடுப்பு சுவரப் பார்த்தேன், ரெண்டு கொரங்கு உக்காந்திருந்துச்சு, நான் கால சுத்திக்கிட்டே தாண்டிப் போனேன். பன்னெண்டு, பதிமூணுக்கு மேல காத்து மாறும், குளிரும், சில்வர் ஓக்கும் மொளகு கொடியும் வர ஆரம்பிக்கும். இந்த எடத்த நான் பஸ்லயும் பைக்லயும் நூறு தடவ தாண்டியிருக்கேன், ஒரு தடவ கூட காதுல ஒரு குருவி சத்தம் விழுந்ததில்ல. அடிவாரத்துல இருந்து ஏற்காடு ஒண்டிக்கடைக்கு ரெண்டே கால் மணி நேரம். ஒரு தடவ கூட எறங்கி தள்ளல.

சாயங்காலம் சைக்கிள மாமா வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். அவருக்கு இப்ப 68. வாசல்லயே நிறுத்தி சுத்தி வந்து பார்த்தாரு, ஸ்டிக்கர் இருக்கான்னுதான் மொதல்ல பார்த்தாரு. பின் சக்கரத்த தூக்கி மிதிய சுத்தி ஷிஃப்டர தட்டுனாரு, டிக், டிக், டிக். "என்ன மாப்ள, கண்ண மூடிக்கிட்டு மாத்தலாம் போல"ன்னாரு. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்த பழைய லீவர் ரெண்டையும் என்ன பண்ண?"ன்னு கேட்டாரு. "துணியில சுத்தி பத்திரமா வச்சிருக்கேங்க மாமா"ன்னேன். "குடுத்துரு"ன்னாரு. அடுத்த நாளே கொண்டு போய் குடுத்துட்டேன்.

இதுவரைக்கும் 400 கிலோமீட்டர் ஓட்டிருக்கேன். மொத 100 கிலோமீட்டர்ல புது கேபிள் கொஞ்சம் தொய்ஞ்சுது, கேபிள இறுக்கற பேரல் அட்ஜஸ்டர கால் சுத்து திருப்பினதும் சரியாயிருச்சு, அதுக்கப்புறம் ஒண்ணும் தொடல. அடுத்தது கொல்லிமல, காரவள்ளியில இருந்து எழுபது வளைவு, மழ நின்னதும் போகணும். பழைய ஆறு ஸ்பீடு ஃப்ரீவீல் 14-24 என்கிட்டதான் இருக்கு, மண்ணெண்ணெய்ல கழுவி எண்ணெய் போட்டு வச்சிருக்கேன், பல்லு தேயவே இல்ல. 126 பிரேம் வச்சிருக்கறவங்க யாருக்காச்சும் வேணும்னா சொல்லுங்க, சேலம் பக்கம்னா நானே கொண்டாந்து தர்றேன்.